காய்ந்தும் சாகாத புழு

இடம்பெயர்ந்து செல்லும்போது சட்டி பானையை விட்டுவிட்டு விதைநெல்லைச் சுமந்து வந்த குடும்பங்களை நாம் அறிவோம். சாக்கினுள் மாதக்கணக்கில் அசைவின்றிக் கிடந்த அந்த நெல்மணி, ஈரம் பட்டதும் முளைவிடுகின்றது. இதே வித்தையைக் கற்ற பூச்சியொன்று ஆபிரிக்காவில் உண்டு.

வட நைஜீரியாவின் பாறைக் குழிகளில் மழைக்காலத்தில் சிறிது நீர் தேங்கும். மழை விட்டதும் விரைவில் வற்றிவிடும். நுளம்பைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு அந்தச் சேற்றில் வாழ்கின்றது. நீர் வற்ற, அதன் உடலும் காய்ந்து, ஈரம் 3 வீதமளவுக்குக் குறைகின்றது. ஆயினும் அது சாவதில்லை. 17 ஆண்டுகள் காய்ந்து கிடந்த புழுவும் நீர்பட்டு உயிர்த்ததாகப் பதிவு உண்டு.

இது எவ்வாறு நிகழ்கின்றது? உயிரின் ஒவ்வொரு கலத்திலும் பரம்பரை அலகுகள், அதாவது மரபணுக்கள், உள்ளன. அவை அனைத்தும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. வரட்சி தொடங்கியதும், அதுவரை அடங்கியிருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. சில, ட்ரெகலோஸ் என்னும் வெல்லத்தை ஆக்குவிக்கின்றன. நீர் இருந்த இடத்தை அது நிரப்பிக் கண்ணாடிபோல் இறுகுகின்றது. வேறு சில, கலத்தின் பாகங்கள் சிதையாது காக்கும் புரதங்களை ஆக்குகின்றன. இதே வகைப் புரதங்கள் முற்றிவரும் விதைகளிலும் சேர்கின்றன.

மூளை அகற்றப்பட்ட புழுவும் இவ்வாறே காய்ந்து மீண்டதை 2002இல் யப்பானிய ஆய்வாளர் கண்டனர். தலைமையின் கட்டளைக்குக் காத்திராமல், உடலின் பாகங்கள் தாமே ஆயத்தமாகின்றன.

ஆனால் அந்த ஆயத்தத்துக்குச் சுமார் இரண்டு நாட்கள் வேண்டும். சில மணித்தியாலங்களில் காய்ந்தால் புழு இறந்துவிடும். அதனாலேயே அது உமிழ்நீரால் சேற்றைப் பிணைத்துக் கூடு கட்டி, காய்வதைத் தாமதப்படுத்துகின்றது.

விதைக்கும் அவ்வாறே அவகாசம் வேண்டும். ஆகவே நன்கு முற்றிய கதிரிலிருந்தே விதைநெல்லை எடுப்போம். நண்பகல் வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் அதனைப் பரப்பாமல், காலை மாலை இளவெயிலில் ஆறுதலாகக் காயவிடுவோம். ஈரம் 13 வீதத்துக்குக் குறைந்த பின்னரே சாக்கில் கட்டுவோம். சொந்த வயலுக்குத் திரும்பும் நாளில் அந்த மூட்டை முளைக்க வேண்டும் அல்லவா?