புறக்கடைப் பந்தலுக்குக் கடைசல் தூண்கள்

கொங்கு நாட்டுக் குடியானவர் வீடுகளில் புறக்கடைப் பந்தல் அவரைக்கும் புடலைக்கும் ஆதாரமாகும். அதன் கால்களைக் கடைசல் தூண்களாய் அமைப்பின் அழகும் உண்டாகும். ஆயினும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் பந்தல் காயோடு சாயுமாயின் அவ்வழகினால் பயன் யாது?

முதலாவது மரம். வெளிறு நீக்கிய வைரமே தூணுக்கு உரியது. வெளிற்றைக் கரையான் விரைவில் அரித்துவிடும். தேக்கு உத்தமம், வேம்பு எளிதிற் கிடைப்பது. 1902-ஆம் வருஷம் கோயமுத்தூரில் நிறுவப்பட்ட காஸ் வனக் காட்சிசாலையில் பலவகை மரங்களின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டுள்ளன. அறுத்த கட்டைகளின் இரு முனைகளிலும் வர்ணம் பூசி, இடையிடையே ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்கி உலர்த்துதல் வேண்டும். இன்றேல் வறண்ட காற்றினால் முனைகள் வெடிக்கும்.

இரண்டாவது கடைசல். உலர்ந்த கட்டையைச் சதுரமாய் இழைத்து, சட்டங்கள் பொருந்தும் முனைகளை அவ்வாறே விட்டு, நடுப்பாகத்தை மட்டும் எட்டுப்பட்டையாய்ச் சீவியபின் இயந்திரத்தில் ஏற்றுக. அதனால் உளி மூலைகளில் மோதுவது குறையும். குமிழும் வளையமும் கடையுங்கால் இடுங்கிய பாகத்தையே முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். ஓரிடத்தில் விட்டம் பாதியானால், அவ்விடம் வளைவைத் தாங்கும் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். பள்ளங்களின் அடிவிளிம்பு வெளிப்புறம் சரிந்திருப்பின் மழைநீர் தங்காது.

மூன்றாவது நிறுத்துதல். தூணை மண்ணில் புதைத்தல் கூடாது. முதலில் மட்குவது நிலமட்டத்து மரமே. தரைக்கு மேல் அரையடி உயர்ந்த கல்லின்மீது இரும்பு முளையினால் நிறுத்தி, தலைகளைக் குறுக்குச் சட்டங்களாலும் சாய்வுக் கட்டைகளாலும் பிணைத்தல் அவசியம். கடைசற்கூலி வீணாகாதிருப்பது அடிக்கல்லைப் பொறுத்ததாகும்.