நகம் அளவு அட்டைக்குள் அறுபத்து மூவர்!

குட்டீஸ், மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்துக்குப் போயிருக்கிறீர்களா? பங்குனிப் பெருவிழாவின் 8ம் நாள், நாயன்மார்கள் 63 பேரும் மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! சில ஆண்டுகளுக்கு முன், கேமராவும் கையுமாக நானும் அங்கே நின்றேன். கேமராவுக்குள் புத்தம் புது மெமரி கார்டு. '64 ஜி.பி.' என்று பளபளவென அச்சிட்டிருந்தது. ஒரு நடைபாதைக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்ததே என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால்... முதலில் எடுத்த படங்கள் மட்டும் சரியாக இருந்தன. பிறகு எடுத்தவற்றில் பாதி சாம்பல் நிறம். கடைசியாக எடுத்த வீடியோக்கள் திறக்கவே இல்லை. மறுபடியும் எடுக்கலாம் என்றால், அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும்!

என்ன நடந்தது தெரியுமா? ஒரு லாட்ஜை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 8 அறைகள்தான். ஆனால், வாசலில் இருக்கும் கணக்குப்பிள்ளையின் நோட்டில் 64 அறைகள் என்று பொய்யாக எழுதியிருக்கிறார்கள். அவரும் வருகிறவர்களுக்கெல்லாம் 'உள்ளே போங்க' என்று சீட்டுக் கொடுத்தபடி இருக்கிறார். 9வதாக வருகிறவர் எங்கே தங்குவார்? ஒன்று, முதலில் வந்தவரை வெளியே தள்ள வேண்டும். இல்லையென்றால் தெருவில் நிற்க வேண்டும். போலி மெமரி கார்டும் இதே கதைதான். கார்டுக்குள் இருக்கும் 'கன்ட்ரோலர்' என்னும் சின்னச் சில்லுதான் அந்தக் கணக்குப்பிள்ளை. கேமரா கேட்டால் '64 ஜி.பி. இருக்கிறது' என்று கூசாமல் சொல்லும்!

நிஜக் கார்டு மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதற்குள் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கலாம். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர் இருப்பதால், கரன்ட் போனாலும் அவை வெளியேறாது. 'பிளாஷ் மெமரி' எனப்படும் இதைக் கண்டுபிடித்தவர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா. 1984ல் உலகுக்கு அறிவித்தார். உள்ளே இருப்பதை ஒரே நொடியில் அழிப்பது கேமரா பிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னாராம், அதுவே பெயராகிவிட்டது. மைக்ரோ எஸ்.டி. கார்டின் அளவு எவ்வளவு? நீளம் 15 மில்லி மீட்டர், அகலம் 11, தடிமன் 1. அவ்வளவுதான்!

ஒரு கணக்குப் போடுவோமா? உங்கள் அப்பா காலத்து பிளாப்பி ஒன்றில் 1.44 எம்.பி.தான் பிடிக்கும். ஒரு 32 ஜி.பி. கார்டில் இருப்பதைப் பதிய, ஏறத்தாழ 22,000 பிளாப்பிகள் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 70 மீட்டரைத் தாண்டும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடமே சுமார் 54 மீட்டர்தான்!

குறைந்த விலைக் கார்டு எல்லாமே மோசம் என்று நினைத்து விடாதீர்கள். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கு வேகம் குறைந்த, விலை மலிவான கார்டே தாராளம். வீடியோ எடுக்கத்தான் வேகம் தேவை. கார்டின் மேல் 'சி' எழுத்துக்குள் 10 என்று இருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும் என்று அர்த்தம். ரிச்சி தெருவோ, தி.நகரோ, எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்கியதும் பெரிய வீடியோக்களைக் கார்டு நிரம்பும் வரை ஏற்றுங்கள். கார்டை வெளியே எடுத்து, மறுபடி செருகி, கடைசியாக ஏற்றியதைத் திறந்து பாருங்கள். ஓடினால் கணக்குப்பிள்ளை யோக்கியர்! இதை நான் திருவிழாவுக்கு முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தெரியாமல் படத்தை அழித்து விட்டீர்களா? பதறாதீர்கள். அழித்தவுடன் படம் போய்விடாது. பட்டியலில் இருந்து பெயர் மட்டும்தான் போகிறது. அதே இடத்தில் வேறு படம் பதிந்தால்தான் ஆபத்து. எனவே, உடனே கேமராவை நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மீட்டெடுக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் ஊறினால் ஆல்பத்துப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். பிரித்தால் முகமே உரிந்து வரும். மெமரி கார்டின் சில்லுகளோ பிளாஸ்டிக்கில் புதைந்திருப்பதால், நனைந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். ஆனால், ஈரத்தோடு செருகினால் போச்சு! நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவிட வேண்டும். வெயிலும் வேண்டாம், தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். அறைக்குள் அடைத்த எலக்ட்ரான்கள் பல ஆண்டுகள் ஆனால் மெல்ல மெல்லக் கசியும். உங்கள் வீட்டு மேஜை டிராயரில், பழைய செல்போனோடு ஒரு கார்டு தூங்கிக் கொண்டிருக்கிறதா? தாத்தாவின் 60ம் கல்யாணப் படங்கள் அதில் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவிடம் கேட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்களேன்!