எடுக்க மனசு வரவில்லை
தீமை இல்லாமல் சுதந்திரம் உண்டா? மதங்களின் பழைய கேள்வி

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். இன்றைய இராக்கில் உள்ள பஸ்ரா நகரம். ஆசிரியர் அல்-ஜுப்பாயீ, மாணவர் அல்-அஷ்அரீ. ஆசிரியர் முஃதஸிலா என்ற இறையியல் மரபைச் சேர்ந்தவர். மனிதன் தன் செயலைத் தானே தேர்ந்துகொள்கிறான், இறைவன் நீதி தவறாதவன், அடியானுக்கு எது நல்லதோ அதையே செய்வான் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையையே அசைக்கும் கேள்வி ஒன்றை மாணவர் கேட்டதாக இஸ்லாமிய மரபில் ஒரு கதை உண்டு.

மூன்று சகோதரர்கள். ஒருவன் இறைநம்பிக்கையோடு வாழ்ந்து மறைந்தான். இன்னொருவன் நம்பிக்கை இல்லாமல் போனான். மூன்றாமவன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்தான். முதலாமவனுக்குச் சொர்க்கத்தில் உயர்ந்த இடம், அடுத்தவனுக்கு நரகம். சிறுவனுக்குத் தண்டனை இல்லை, அந்த உயர்ந்த இடமும் இல்லை. ‘எனக்கும் ஆயுசு தந்திருந்தால் நானும் நல்லது செய்திருப்பேனே’ என்று சிறுவன் முறையிட்டால்? ‘வளர்ந்தால் நீ கெட்டுப்போவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்காகவே முன்னால் அழைத்துக்கொண்டேன்’ என்று இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர். ‘அப்படியானால் நான் கெடுவேன் என்பதும் உனக்குத் தெரியுமே, என்னை மட்டும் ஏன் வளரவிட்டாய் என்று நரகத்தில் இருப்பவன் கேட்பானே?’ என்றார் மாணவர். ஆசிரியர் வாயடைத்துப் போனார். மாணவர் அந்த மரபைவிட்டே விலகினார்.

ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்தக் கேள்வியின் சூடு ஆறவில்லை. கொலை, கொடுமை, வஞ்சகம் எதைப் பற்றிக் கேட்டாலும் மேடைப் பிரசங்கங்களில் ஒரு விடை தயாராக இருக்கிறது: ‘கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார். சுதந்திரம் என்றால் தீமையும் இருக்கத்தான் செய்யும்.’ இந்த விடை பாதி தூரம்தான் போகிறது என்பது என் எண்ணம். மீதி தூரத்தை மதங்களே தங்கள் ஆழத்தில் கடந்திருக்கின்றன.

பேரிக்காய்த் திருட்டு

கிறிஸ்தவ மரபில் இந்த விடைக்கு உருவம் கொடுத்தவர் புனித அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். பதினாறு வயதில் நண்பர்களோடு பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். பசிக்குத் திருடவில்லை. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் வீசினார்கள். தவறு என்று தெரிந்ததே அந்தச் செயலுக்கு ருசி கொடுத்தது என்பதுதான் அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. தீமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை, நன்மையிலிருந்து மனித விருப்பம் தடம் மாறுவதே தீமை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1955-இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி இந்தச் சுதந்திர விடையை நேருக்கு நேர் மறுத்தார். ஒருமுறை மனமார நல்லதைத் தேர்ந்தெடுக்க மனிதனால் முடிகிறது. அப்படியென்றால் எப்போதும் நல்லதையே மனமாரத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களை எல்லாம் வல்ல கடவுள் ஏன் படைக்கவில்லை? 1974-இல் அமெரிக்கரான ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னார். தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்றால், அவன் எதைத் தேர்வான் என்பதைக் கடவுளே முடிவு செய்ய முடியாது. செய்தால் அது தேர்வாகாது. கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பது தர்க்கப்படி முரண் இல்லை என்று அவர் காட்டியதைப் பல தத்துவவாதிகள் ஏற்றார்கள். ஆனால் முரண் இல்லை என்று காட்டுவது வேறு, தீமை தேவை என்று நிறுவுவது வேறு.

சொர்க்கத்தில் பாவம் உண்டா?

தீமை இல்லாமல் சுதந்திரம் இல்லை என்றால், சொர்க்கத்தில் இருப்பவர்கள் அடிமைகளா? அங்கே பாவம் இல்லையே. ஏன், கடவுளே தீமை செய்யாதவர்தானே. அவருக்குச் சுதந்திரம் இல்லை என்று எந்த மதம் சொல்லும்?

இந்த இடத்துக்கு அகுஸ்தீனே வந்து சேர்ந்தார். 426-ஐ ஒட்டி எழுதி முடித்த ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில், பாவம் செய்யாமல் இருக்க முடிவது முதல் சுதந்திரம், பாவம் செய்யவே முடியாத நிலை அதைவிடப் பெரிய சுதந்திரம் என்கிறார். பாவம் செய்யும் ஆற்றல் சுதந்திரத்தின் பகுதியே ஆகாது என்று பதினோராம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஆன்செல்மும் வாதிட்டார்.

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் நம் அன்றாடப் பேச்சிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பஸ் இருக்கையில் யாரோ தவறவிட்ட பர்ஸ் கிடக்கிறது. பார்த்தவள் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். வீட்டில் கேட்டால், ‘எடுத்துக்க மனசு வரல’ என்கிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை. பயந்தும் கொடுக்கவில்லை. அவள் சுதந்திரத்தில் ஏதோ குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? அந்தக் கணத்தில் அவள்தான் முழுக்க அவளாக இருந்தாள்.

செம்பும் களிம்பும்

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த சிவஞானபோதம் அதன் அடிப்படை நூல். இந்த மரபில் உயிரைச் சிவன் படைக்கவில்லை, உயிரை மூடும் அழுக்கான ஆணவ மலத்தையும் படைக்கவில்லை. இரண்டும் அநாதி. செம்போடு களிம்புபோல, நெல்லோடு உமிபோல ஆணவம் உயிரோடு ஒட்டியே இருக்கிறது. அது உயிரின் இச்சையையும் அறிவையும் செயலையும் மறைக்கிறது. இறைவன் உடலும் கருவியும் உலகும் கொடுப்பது, அந்த இருட்டில் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழிக்கத்தான்.

கிறிஸ்தவ விடையில் சுதந்திரத்திலிருந்து தீமை பிறந்தது. இங்கே தீமை சுதந்திரத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டு தளரத் தளரத்தான் விருப்பம் விருப்பமாகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு: முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் கெடுகிறது. சூரியன் முன் இருள்போல அது அடங்கிக் கிடக்கிறது. பர்ஸை எடுக்கும் கை அந்தப் பெண்ணிடம் இல்லாமல் போகவில்லை, எடுக்கச் சொல்லும் பிடிதான் இல்லை.

யார் கொடுத்த விலை?

தவறக்கூடிய நிலை நம் வளர்ச்சிக்குத் தேவையாக இருக்கலாம். விழ வாய்ப்பே இல்லாத குழந்தை நடை பழகாது. ஆனால் விழ வாய்ப்பு இருப்பது ஒன்று, பிறரைத் தள்ளிவிடுவது வேறொன்று. ஒருவனின் சுதந்திரத்துக்கு இன்னொருவரின் கண்ணீரை விலையாகக் கணக்கெழுதுவதைத்தான் 1880-இல் முற்றுப்பெற்ற தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் ஏற்க மறுக்கிறான். வதைக்கப்பட்ட ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தி அவன் கேட்பதற்கு எந்தத் தர்க்கமும் ஈடாகாது.

மனிதத் தேர்வே இல்லாத துன்பத்தின் முன்னால் அந்த மேடை விடை இன்னும் மெலிந்துபோகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குக் கும்பிட வந்தவர்களையும் சுனாமி கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது எவருடைய விருப்பத்தின் விளைவு?

எனவே துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் சுதந்திரத்தின் விலை என்ற வாசகத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். மதங்கள் தங்கள் உச்சத்தில் காட்டும் மனிதர், தீமை செய்யவும் உரிமை உள்ளவர் என்பதால் பெரியவர் ஆகவில்லை. செய்ய மனசு வராதவர் என்பதால் பெரியவர். அந்த மனசு வராமையை நம்மில் வளர்ப்பது நம் கையில் இருக்கிறது. நமக்கு உறுதியாகக் கிடைத்திருக்கும் சுதந்திரம் அதுதான்.