சிற்றறைக்கேற்ற ஒலிபெருக்கி

கூடத்தில் பெரிய ஒலிபெருக்கிகள் இருப்பினும், படிப்பறைக்கெனச் சிறியதும் விலை குறைந்ததுமாகிய ஓரிணையை நாடுவோர் பலர். அன்னார் பெரும்பாலும் வாட் என்னும் எண்ணையே நோக்கி மயங்குவர்.

வாட் இருமடங்காயின் ஒலி 3 டெசிபெல் அளவே மிகும். செவிக்கு அது சிறு வேறுபாடே. 1 வாட் ஆற்றலுக்கு 1 மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் ஒலிக்கும் பெட்டியை விடுத்து, 89 டெசிபெல் ஒலிப்பதைக் கொள்ளின், ஆம்பிளிபயரை மாற்றாமலே அப்பயன் கைகூடும்.

சிறு பெட்டியில் தாழ்ந்த சுரம் முழங்காது என்பர். மெய்யே, என்னை? அதற்கு மிகுந்த காற்றை அசைத்தல் வேண்டும். சிறு கூம்பிற்கு அஃது அரிது. ஆயினும் சுவரை அடுத்து வைப்பின் தாழ்சுரம் ஓரளவு வலுப்பெறும். மூலையில் வைப்பினோ அளவிறந்து முழங்கிச் சொற்றெளிவைக் கெடுக்கும். பின்புறம் துளையுள்ள பெட்டிக்குச் சுவரினின்றும் இடைவெளி வேண்டும். ஆதலின் புத்தக அலமாரியில் வைப்போர் முன்புறத் துளையுள்ளதையேனும் துளையற்றதையேனும் தேர்க.

பி. பி. ஸி. நிறுவனத்தார் 1970-களில், ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய உள்ளிடத்திற்கென எல். எஸ். 3/5ஏ என்னும் பெட்டியை அமைத்தனர். ஏறத்தாழ ஓரடி உயரமே உடைய அது, ஆழ்ந்த முழக்கத்தைத் துறந்து, மனிதக் குரலை உள்ளவாறு ஒலித்தலாற் புகழ்பெற்றது. நாமும் முழக்கத்தை நோக்காது, நன்கு பழகிய குரலொன்றைக் கடையிற் கேட்டுத் தேர்தல் நலம்.

வாங்கியபின், இரு பெட்டிகளும் கேட்போரும் முக்கோணமாக அமைய, உச்சசுரம் தரும் ட்வீட்டர் செவியின் உயரத்தில் நிற்குமாறு வைக்க. இதற்குப் பொருட்செலவில்லை, பயனோ பெரிது.