போடோக் கலவையில் அளவின் அவசியம்

தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளைக் கருகல் நோயினின்றும் காக்கும் போடோக் கலவையே, அளவு தவறின் அச்செடிகளின் இலைகளைச் சுட்டுவிடும். போடோ நகரப் பேராசிரியர் மில்லார்டே 1885 ஆம் ஆண்டில் திராட்சைக் கொடிகளுக்கென வெளியிட்ட இக்கலவை, மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாவதாகும்.

மயில்துத்தம் நீரில் முற்றாகக் கரைந்து நீலக் கரைசலாகும். கரைந்த நிலையிலுள்ள செம்பு இலையினுட் சென்று அதனைக் கருக்கும். சுண்ணாம்புப் பால் சேரும்போது இரசாயனத் தாக்கம் நிகழ்ந்து, செம்பு நீரிற் கரையாத நீலப் படிவாக மாறுகின்றது. இப்படிவே இலையில் ஒட்டிநின்று, நோய் வித்திகள் முளையாது தடுக்கின்றது.

கணக்கின்படி 100 கிராம் மயில்துத்தத்துக்குத் தூய நீறிய சுண்ணாம்பு ஏறக்குறைய 30 கிராம் போதும். ஆயினும் காற்றுப்பட்ட சுண்ணாம்பு வலுவிழந்திருக்கும். ஆகையால் சம நிறை சேர்ப்பதே வழக்கம்.

10 இலீற்றர் கலவைக்கு, 100 கிராம் மயில்துத்தத்தை 5 இலீற்றர் நீரிற் கரைக்குக. 100 கிராம் புதிய நீறிய சுண்ணாம்பை மற்றை 5 இலீற்றரிற் கலக்குக. மட்பாண்டமோ பிளாத்திக்குப் பாத்திரமோ ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்புப் பாலை வடித்து, அதனுள் துத்தக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக.

பின்பு துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையிற் சிறிது நேரம் அமிழ்த்துக. கத்தியிற் செந்நிறம் படியின், கரைந்த செம்பு எஞ்சியுள்ளது என்பது பொருள். மேலும் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடியும் சோதிக்குக. நிறம் படியாத கலவையையே, செய்த அன்றே, நோய் தோன்றுமுன் தெளித்தல் வேண்டும்.