பாதி நிரம்பிய கட்டம்

அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களிடையே ஒரு பழக்கம் நெடுங்காலமாக உண்டு. மடித்த தாள் ஒன்றில் தம் பொறுப்பிலுள்ள நோயாளிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டுக்கொள்வார்கள். வெறுங்கட்டம் என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பாதியைக் கறுப்பாக்கியிருந்தால் ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று, முடிவு வரவில்லை. முழுக்கக் கறுப்பு என்றால் வேலை முடிந்தது.

ஆபத்து குடியிருப்பது அந்தப் பாதிக் கட்டத்தில்தான். பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தவர் டியூட்டி முடிந்து கிளம்பிவிடுகிறார். பொட்டாசியம் எகிறியிருக்கிறது என்ற முடிவு இரவில் வருகிறது. அப்படியொரு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே இரவு டியூட்டிக்காரருக்குத் தெரியாது. தாள், முன்னவரின் கோட்டுப் பையோடு வீட்டுக்குப் போய்விட்டது. மருத்துவர்களின் கையடக்கக் கருவி எதுவானாலும், இந்தப் பாதிக் கட்டத்தை அது என்ன செய்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். பைக்குள் அடங்க வேண்டும், பொத்தானைத் தொட்டதும் நாட்காட்டியோ வேலைப்பட்டியலோ திரைக்கு வந்துவிட வேண்டும் என்பதே அவர் கணக்கு. வார்டில் நடந்துகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1998இல் வந்த பாம் III கருவியில் அகச்சிவப்புக் கதிர் வசதியும் சேர்ந்தது. இரண்டு கருவிகளை எதிரெதிரே நீட்டினால் போதும், ஒருவரின் நோயாளிப் பட்டியல் மற்றவருக்குப் போய்விடும். பாதிக் கட்டம் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே தங்க ஒரு வழி பிறந்தது.

மறுபக்கம் மருந்து விவரங்கள். 1984 மார்ச்சில் லிபி ஸையன் என்ற 18 வயது மாணவி, காய்ச்சலும் நடுக்கமுமாக நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக ஃபெனல்ஸின் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருக்கு அன்றிரவு பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரண்டு மருந்தும் ஒன்றுசேரக் கூடாதவை. அந்தச் சேர்க்கையே உயிரைப் பறித்தது என்று பலரும் கருதுகிறார்கள். நள்ளிரவில், களைத்துப்போன ஒரு பயிற்சி மருத்துவர் தடித்த புத்தகத்தைத் தேடியெடுத்துப் புரட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1999 வாக்கில் எபோக்ரட்டிஸ் என்ற மென்பொருள் பாம் கருவிகளுக்கு இலவசமாகக் கிடைத்தது. மருந்தின் பெயரைத் தட்டினால் அளவு வரும், எந்த மருந்தோடு சேராது என்பதும் வரும். நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிடலாம் என்பது மிகப் பெரிய மாற்றம்.

குறைகளும் சிறியவை இல்லை. பழைய பாம் கருவியில் பேட்டரி அடியோடு தீர்ந்தால் உள்ளிருந்த தகவல் அத்தனையும் அழிந்துபோகும். கருவியே தொலைந்தால் நோயாளிகளின் அந்தரங்கம் தெருவுக்கு வந்துவிடும். பூட்டும் கடவுச்சொல்லும் இல்லாத கைபேசியில் நோயாளியின் பெயரைப் பதிந்துவைப்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

லிபியின் மரணம் எழுப்பிய கேள்விகள் மருத்துவர்களின் வேலை நேரத்தையே மாற்றின. 2003 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதும் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. அது அவசியமான சீர்திருத்தம். ஆனால் டியூட்டி அடிக்கடி கைமாறியது. பாதிக் கட்டங்களும் கூடவே கைமாறின.

இந்தக் கைமாற்றத்தை ஒழுங்குபடுத்த ஐ-பாஸ் என்ற முறை உருவானது. அதன் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. நோயின் தீவிரம், நோயாளி பற்றிய சுருக்கம், செய்ய வேண்டியவை, நிலைமை மோசமானால் என்ன செய்வது என்ற வரிசையில் எழுத்திலும் பேச்சிலும் ஒப்படைக்கிறார்கள். பொறுப்பேற்பவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டியல் கருவியில் இருந்தாலும் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது.

அதனால், மருத்துவமனைக்கென்று புதிதாக ஒரு செயலி எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: அனுப்பிய பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் எதிரே, முடிவைப் பார்க்க வேண்டியவரின் பெயரும் நேரமும் இருக்கிறதா? அவர் டியூட்டி முடிந்து கிளம்பும்போது, இன்னொருவர் பெயர் அந்த இடத்துக்கு வராமல் அவரைச் செயலி விடுவிக்கிறதா?