வலது ஓரத்தில் ஒரு நெடுந்தூர ஓட்டம்

2010 டிசம்பர் 1. ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், ஜாகர்த்தாவில் மலேசியா 1-5 என இந்தோனேசியாவிடம் தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி, அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என மடக்கியது. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கு 4-2. மலேசியா முதல் முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது.

5 கோல் போட்ட சஃபி சாலியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தொடரில் மத்தியத் திடலின் வலது ஓரத்தில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்த நம்மவர் ஒருவரை ஞாபகம் இருக்கிறதா? அவர்தான் எஸ். குணாளன்.

நெகிரியில் கிடைத்த அடித்தளம்

1986இல் பிறந்த குணாளன் நெகிரி செம்பிலான்காரர். அவர் முதலில் பெயர் எடுத்ததும் அந்த மாநில அணியில்தான். 2009இல் நெகிரி செம்பிலான், கிளந்தானை 3-1 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1948க்குப் பிறகு அந்தக் கிண்ணம் அம்மாநிலத்துக்கு வந்தது அப்போதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் வியட்நாமை 1-0 என வென்ற இளையோர் அணி, 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த அணியிலும் குணாளன் இருந்தார். மறு ஆண்டு ஆசியான் கிண்ணத்தை வென்றபோதும் பயிற்றுநர் அதே ராஜகோபால்தான்.

ஜொகூரில் புது வேலை

அடுத்து சிலாங்கூர். அதன் பிறகு நம்ம ஜொகூர் டாருல் தக்ஸிம். இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் சுவாரஸ்யமான பகுதி தொடங்குகிறது.

குணாளனின் சொத்தே வேகம்தான். ஆனால், வேகத்தை மட்டும் நம்பி விளிம்பில் ஆடுகிறவருக்கு வயது ஏற ஏற மாற்று ஆட்டக்காரர் பெஞ்சு காத்திருக்கும். ஜொகூரிலோ போட்டி இன்னும் கடுமை. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரிசை கட்டி வந்தார்கள். குணாளன் என்ன செய்தார்? பின்னால் நகர்ந்து, வலது தற்காப்பு ஆட்டக்காரராகவும் மாறினார்.

கேட்க எளிதுதான். ஆனால் முன்னால் ஆடும்போது பந்தைப் பறிகொடுத்தால், மீட்டுத்தர பின்னால் ஆள் உண்டு. தற்காப்பில் பறிகொடுத்தால் அடுத்து கோல்கீப்பர்தான். எப்போது முன்னேறுவது, எப்போது இடத்தில் நிற்பது, நடுத் தற்காப்பாளர் நகர்ந்தால் யார் அந்த இடத்தை அடைப்பது என எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். பேர் வாங்கிய பிறகு மறுபடி மாணவனாக உட்காருவது எத்தனை பேரால் முடியும்?

ஜேடிடி 2014 முதல் தொடர்ச்சியாக சூப்பர் லீக் பட்டங்களைக் குவித்தது. 2015 அக்டோபர் 31ஆம் தேதி துஷான்பேயில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைத் தூக்கியது. அதைச் சாதித்த முதல் தென்கிழக்காசியக் கிளப் அதுதான். அந்த ஆண்டுகளின் அணியில் குணாளனும் ஒருவர். லார்கின் அரங்கில் ஆடியவர், இஸ்கந்தார் புத்ரியில் 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கையும் பார்த்துவிட்டார்.

பந்து சோறு போடுமா?

ஒரு காலத்தில் தேசிய அணியில் நம்மவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் ஆடினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்கம்பத்தைக் காத்தவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். இன்று அணிப் பட்டியலில் நம் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

தாமான் திடலில் நன்றாக ஆடும் பையனை, படிவம் நான்கு வந்ததும் "பந்து போதும், எஸ்பிஎம்மைப் பார்" என்று வீட்டுக்குள் இழுத்துவிடுகிறோம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. சில கிளப்புகளில் மாதக்கணக்கில் சம்பள பாக்கி என்று செய்தி வருகிறதே! எல்லோருக்கும் ஜேடிடி போன்ற கிளப் அமையாது.

ஆனால் 'பந்தா, படிப்பா' என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி படிப்போடு சேர்த்தே பயிற்சி தருகிறது. ஜேடிடியும் இளையோர் அணிகளை நடத்துகிறது. தேர்வுகள் எப்போது என்று விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

குணாளன் கதையில் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல. அது எல்லோருக்கும் வாய்க்காது. "இந்த இடத்தில் உனக்கு வேலை இல்லை" என்றால், "எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டு, அதைக் கற்றுக்கொள்ளும் மனசு. அது திடலுக்கும் உதவும், அலுவலகத்துக்கும் உதவும். இந்தச் சனிக்கிழமை மாலை உங்கள் பையனோ பெண்ணோ பந்தோடு கிளம்பினால், "எத்தனை கோல் போட்டாய்?" என்பதோடு, "இன்று எந்த இடத்தில் ஆடினாய்?" என்றும் கேட்டுப் பாருங்களேன்.